ஊர்ப் பெயரைக் காப்பது யார்?

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2020இல். அந்த முத்திரையால்தான் பெயர் வந்தது என்று நினைப்பது தவறு; ஊருக்கு ஏற்கெனவே இருந்த பெயரைத்தான் அரசு பதிவு செய்தது. வறுத்துத் தோல் நீக்கி உடைத்த கடலை, வெல்லப்பாகு, இவ்வளவுதான் சரக்கு. யாரும் செய்யலாம். ஆனால் கரிசல் காட்டுக் கடலையும், தண்ணீரில் சொட்டு விட்டு உருட்டிப் பாகின் பதம் பார்க்கும் கையும் எல்லா ஊரிலும் கிடைக்காது. விளைவிப்பவர், பாகு காய்ச்சுபவர், விற்பவர் பெரும்பாலும் ஒரே வட்டாரம். கடலை காறினால் மறுநாளே கடைவாசலில் கேள்வி வரும். எந்த விளம்பர நிறுவனமும் இந்தக் கண்டிப்பை விற்பதில்லை.

பெரிய நிறுவனம் விலையைக் குறைத்தால் இந்த வட்டார உறவு சோறு போடுமா என்று கேட்கலாம். போடாதுதான், பேருந்து நிலையத்தில் அவசரமாக வாங்குபவருக்கு ஐந்து ரூபாயும் பெரிது. புவிசார் குறியீட்டுச் சட்டம் துணைக்கு வருமே என்றால், அது பெயர்த் திருட்டைத் தடுக்கும். அடுப்பங்கரையில் தினமும் வந்து நிற்காது. ஆகவே தயாரிப்பாளர்களே, பளபளப்பான உறைக்குச் செலவழிக்கும் முன், நல்ல கடலை தரும் விவசாயிக்கு நல்ல விலையைக் கையோடு கொடுங்கள். பதம் தெரிந்த தொழிலாளியின் கூலியை உயர்த்துங்கள்.