பேஷ் ஷெல்லின் தொடக்கக் கோப்புகள்: எதை எங்கே எழுதுவது

பேஷ் ஷெல் தொடங்கும்போது எந்தக் கோப்பைப் படிக்கும் என்பது இரண்டு கேள்விகளைப் பொறுத்தது. அது உள்நுழைவு ஷெல்லா? பயனர் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஊடாடு ஷெல்லா? உள்நுழைவு ஷெல் முதலில் /இடிசி/புரொஃபைல் கோப்பைப் படிக்கும். பிறகு பயனரின் ஹோம் அடைவில் .பேஷ்_புரொஃபைல், .பேஷ்_லாகின், .புரொஃபைல் என்ற வரிசையில் தேடி, முதலில் கிடைப்பதை மட்டும் படிக்கும். உள்நுழைவு அல்லாத ஊடாடு ஷெல் .பேஷ்ஆர்சியைப் படிக்கும். ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல் இவற்றில் எதையும் தொடாது. பேஷ்_என்வ் மாறி ஒரு கோப்பைச் சுட்டினால் அதை மட்டும் படிக்கும்.

முதலில் கிடைப்பது மட்டும் என்ற விதியால் வரும் தொல்லை அதிகம். உபுண்டு புதிய பயனருக்கு .புரொஃபைல் கோப்பைத் தருகிறது; .பேஷ்ஆர்சியை அழைப்பதும் அந்தக் கோப்புதான். ஏதோ ஒரு மென்பொருளின் நிறுவல் நிரல் .பேஷ்_புரொஃபைல் என்று ஒன்றைப் புதிதாக உருவாக்கிவிட்டால், அன்றிலிருந்து பேஷ் .புரொஃபைலைத் திரும்பிப் பார்க்காது. பிழைச்செய்தியும் வராது. .பேஷ்_புரொஃபைல் இருந்தே ஆக வேண்டுமென்றால், .புரொஃபைலை அழைக்கும் வரி அதில் முதல் வரியாக இருக்க வேண்டும்.

எதை எங்கே எழுதுவது என்பதற்கு ஒரே அளவுகோல் போதும்: அந்த அமைப்பு சேய்ச் செயல்முறைகளுக்குத் தானாகப் போய்ச் சேருமா? ஏற்றுமதி செய்யப்பட்ட பாத், எடிட்டர் போன்ற சூழல் மாறிகள் போய்ச் சேரும்; ஆகவே உள்நுழையும்போது ஒருமுறை எழுதினால் போதும், அவற்றின் இடம் .புரொஃபைல். அலியாஸ், ப்ராம்ப்ட், ஷெல் தெரிவுகள், தட்டச்சு நிறைவு ஆகியவற்றை ஒவ்வொரு ஷெல்லும் புதிதாக அமைத்துக்கொள்ள வேண்டும், அவற்றின் இடம் .பேஷ்ஆர்சி. பாத் மாறியை நீட்டும் வரியை .பேஷ்ஆர்சியில் எழுதுவது பரவலான பழக்கம், ஆனால் தவறான பழக்கம். ஷெல்லுக்குள் ஷெல் திறக்கும்போதெல்லாம் அதே அடைவுகள் மீண்டும் மீண்டும் சேர்ந்து மாறி வீங்கும். தேடல் வரிசையும் குழம்பும்.

.புரொஃபைல் பேஷுக்கு மட்டும் உரியதல்ல. 1979-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யுனிக்ஸின் போர்ன் ஷெல்லிலிருந்து வந்த கோப்பு அது. உபுண்டுவில் 2006 முதல் /பின்/எஸ்ஹெச் என்பது டேஷ் ஷெல். வரைகலைத் திரை வழியாக உள்நுழையும்போது .புரொஃபைலைப் படிப்பது பேஷாக இல்லாமலும் போகலாம். அதனால் வரிசை மாறிகள், இரட்டைச் சதுர அடைப்புச் சோதனைகள் போன்ற பேஷுக்கே உரிய தொடரியல் அதில் இடம்பெறக் கூடாது.

.பேஷ்ஆர்சி எதையும் திரையில் அச்சிடக் கூடாது என்பது மிகக் கண்டிப்பான விதி. டெபியன் உள்ளிட்ட சில வழங்கல்களில், எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலிருந்து ஒரு கட்டளையை மட்டும் ஓட்டும்போதும் பேஷ் இந்தக் கோப்பைப் படிக்கும். அங்கே ஒரு வரவேற்புச் செய்தி இருந்தால், அது ஆர்சிங்க், எஸ்சிபி ஆகியவற்றின் தரவோட்டத்தில் கலந்து கோப்புப் பரிமாற்றத்தை முறித்துவிடும். $- மாறியில் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து இல்லையென்றால் உடனே திரும்பிவிடும் காவல் வரியை டெபியன் தன் .பேஷ்ஆர்சியின் தலைப்பிலேயே வைத்திருப்பது இதற்காகத்தான். அதை நீக்குவது அபாயம்.

கிரான் பணிகள் இந்தக் கோப்புகள் எதையும் படிப்பதில்லை. குறுகிய பாத் மாறியுடன் /பின்/எஸ்ஹெச்சில் ஓடும். ஸ்கிரிப்டின் உள்ளே .பேஷ்ஆர்சியை அழைத்து இதைச் சரிசெய்ய முயல்வோர் பலர். முன்சொன்ன காவல் வரியால் அது பெரும்பாலும் பலிக்காது. பலித்தாலும் ஸ்கிரிப்ட் ஒருவரது ஹோம் அடைவைச் சார்ந்ததாகிவிடும். கிரான்டேபிலேயே பாத் மாறியை எழுதுவதுதான் நேர்வழி.

மேக்ஓஎஸ் 2019-இல், கேட்டலினா பதிப்போடு, இயல்பு ஷெல்லை இசட்ஷெல்லாக மாற்றியது. அதில் .இசட்எஸ்ஹெச்என்வ் கோப்பை ஸ்கிரிப்டுகள் உட்பட எல்லா ஷெல்களும் படிக்கும். அங்கே பாத் மாறியை அமைத்தால், பின்னர் ஓடும் /இடிசி/இசட்புரொஃபைல் அதன் வரிசையை மாற்றிவிடும். எனவே மேக்கில் பாத்துக்கு உரிய இடம் .இசட்புரொஃபைல். லினக்ஸ் முனையச் சாளரங்களுக்கு மாறாக, மேக்கின் டெர்மினல் ஒவ்வொரு சாளரத்தையும் உள்நுழைவு ஷெல்லாகவே திறக்கிறது. இரண்டு இயங்குதளங்களுக்கும் ஒரே கோப்புத் தொகுப்பை வைத்திருப்போர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

கோப்பைத் திருத்தும்போது ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வை மூடாமல், இன்னொரு சாளரத்தில் சோதிப்பது நல்லது. தொலைவிலுள்ள சர்வரில் இது கட்டாயம். பேஷின் -என் தெரிவு, கட்டளைகளை ஓட்டாமல் தொடரியலை மட்டும் சரிபார்க்கும். தொடக்கக் கோப்பு கெட்டுப்போனால் --நோபுரொஃபைல், --நோஆர்சி தெரிவுகளுடன் பேஷைத் திறந்து திருத்தலாம். கடைசியாக, எஸ்எஸ்ஹெச் வழியே அந்த சர்வரில் ட்ரூ என்ற கட்டளையை மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓர் எழுத்து வெளியே வந்தாலும், அதை அச்சிடும் வரியைத் தேடி நீக்கிய பிறகே கோப்பை மற்ற சர்வர்களுக்கு நகலெடுக்கலாம்.