காற்றை அடக்கிய சிறுவன்



கோடை விடுமுறையில் ஆதிச்சநல்லூரில் ஒரு குடும்பத்தைக் காணச் சென்றிருந்தேன். வீட்டுத் திண்ணையில் எட்டாம் வகுப்பு படிக்கும் மகன், வண்ண வண்ணப் பிளாஸ்டிக் கட்டைகளைப் பரப்பிக்கொண்டு அமர்ந்திருந்தான். வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் தாய்மாமன் அனுப்பிய 'லெகோ' கட்டைகள் அவை. அவன் முன்னே உள்ளங்கையில் அடங்கும் பொறியொன்று 'டக் டக்' என்று ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து சென்ற மெல்லிய குழாய், பொம்மைக் கிரேன் ஒன்றின் கையை மெல்ல உயர்த்திற்று.

"இது என்ன, தம்பி?" என்றேன்.

"கம்ப்ரஸர், ஐயா. காத்தை அடைச்சு வச்சு வேலை வாங்குது" என்றான் பெருமையோடு.

காற்றை வேலை வாங்குவது அவ்வூர் மண்ணுக்குப் புதிதன்று. 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரீ என்பவர் அங்கே நடத்திய அகழாய்வில், முதுமக்கள் தாழிகளோடு இரும்புக் கருவிகளும் ஏராளமாகக் கிடைத்தன. இரும்பைக் காய்ச்சி அடிக்கும் உலைக்குத் துருத்தி வேண்டுமல்லவா? துருத்திதான் நம் கம்ப்ரஸருக்குப் பாட்டன்!

இனி, அச்சிறுவனின் பொறியைச் சற்று உற்று நோக்குவோம். டென்மார்க்கில் பிலுண்ட் என்னும் சிற்றூரில் ஒரு தச்சர் 1932-இல் தொடங்கிய பொம்மைத் தொழிலே லெகோ. ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் கட்டைக்கு 1958-இல் காப்புரிமை கோரப்பட்டது. காற்றழுத்தத்தால் இயங்கும் பாகங்கள் 1984-இல் வந்தன. முதலில் கையால் அழுத்தும் பம்புதான். கை ஓய்ந்த பிள்ளைகள், மோட்டாரைக் கொண்டு பம்பை ஓட்டினால் என்ன என்று எண்ணினார்கள். அவ்வெண்ணமே இத்தகைய சிறு கம்ப்ரஸர்களுக்கு வித்து.

அதன் அமைப்பு எளிது. மோட்டாரின் சுழற்சியைக் கிராங்க் ஒன்று முன்னும் பின்னுமான அசைவாக மாற்றுகிறது. அவ்வசைவு பம்பின் தண்டை இழுத்துத் தள்ளுகிறது. இழுக்கும்போது காற்று உள்ளே வருகிறது. தள்ளும்போது கலத்துக்குள் போகிறது. போன காற்று திரும்பாதபடி வால்வு தடுக்கிறது. சிறுவன் முதலில் ஒரே பம்பை வைத்தானாம். தள்ளும்போது மோட்டார் திணறியது, இழுக்கும்போது துள்ளியது. பிறகு இரண்டு பம்புகளை எதிரெதிராகப் பூட்டினான். ஒன்று தள்ளும் நேரத்தில் மற்றொன்று இழுக்க, ஓட்டம் சீராயிற்று. குழாய்களையும் குட்டையாக நறுக்கினான். நீண்ட குழாயில் தங்கும் காற்றையும் வீணாக அழுத்த வேண்டியிருக்கிறது என்பதைத் தானே கண்டுகொண்டான். எந்தப் பாடப்புத்தகம் இதனை இவ்வளவு அழுத்தமாகக் கற்பிக்கும்?

இவ்வளவில் எல்லாம் நன்றாகவே இருந்தது. அப்போது பையன் சொன்னான்: "தாத்தா, நாளைக்கு இந்தக் குழாயை வாயில வச்சுக்கிட்டு ஆத்துல முங்கப் போறேன். நீங்க கடல்ல முங்கின மாதிரி!"

சாய்வு நாற்காலியில் இருந்த தாய்வழிப் பாட்டனார் நிமிர்ந்தார். அவர் தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். "வேண்டாம்லே. அந்தப் பேச்சே வேண்டாம்" என்றார். குரல் நடுங்கிற்று. "என்கூட முங்குன ரெண்டு பேரு அந்தக் கம்ப்ரஸராலதான் உசுரோட மேல வரல."

திண்ணையில் சற்று நேரம் பேச்சு எழவில்லை.

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு ஓய்ந்தது. சங்கு குளிப்பு நீடித்தது. முன்னோர் கல்லைக் கட்டி இறங்கி, மூச்சடக்கித் தொழில் செய்தனர். பின்னர் படகில் கம்ப்ரஸர் ஏறியது. டயருக்குக் காற்றடிக்கவும் வண்ணம் பீச்சவும் உதவும் அதே வகைப் பொறி, நீண்ட குழாய் வழியே மனிதனுக்கு மூச்சை அனுப்பலாயிற்று. நெடுநேரம் அடியில் தங்க முடிந்தது. சங்கும் மிகுதியாகக் கிடைத்தது. ஆனால் ஆபத்தும் கூடவே இறங்கியது.

பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. இருபது மீட்டரில் மேற்பரப்பைப்போல் மும்மடங்கு. அவ்வழுத்தத்தில் நெடுநேரம் மூச்சு விட்டால் நைட்ரஜன் உடலில் கரைந்து தேங்கும். திடீரென மேலே வந்தால் அது குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். சிலரை நிரந்தரமாக முடக்கும். எஞ்சின் புகை கம்ப்ரஸரின் வாயருகே வந்துவிட்டாலோ, இன்னும் கொடுமை. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். கீழே இருப்பவர் தம்மை அறியாமலே மயங்கிவிடுவார். காற்றின் திசை மாறினாலே போதும்.

பொம்மைக் கம்ப்ரஸரின் கலத்திலும் இரண்டு முதல் மூன்று வளிமண்டல அழுத்தம் ஏறும். அதாவது, இருபது முதல் முப்பது மீட்டர் ஆழத்தில் நீர் தரும் அழுத்தத்துக்கு அது ஈடு. அழுத்தம் இருக்கிறதே, மூச்சுக்கும் ஆகாதா என்று பிள்ளை நினைப்பது இயல்பே. பாட்டனார் அருகிலிருக்க, நாங்கள் தாளில் கணக்குப் போட்டோம். ஒரு தள்ளலுக்கு 2 கன சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 300 தள்ளல் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 600 கன சென்டிமீட்டர். அரை லிட்டருக்குச் சற்று மேல். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கே நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 லிட்டர் வேண்டும். நீந்துபவனுக்கு அதைப்போல் பன்மடங்கு. பையன் விடையைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. பாட்டனாரின் அதட்டல் அவனைத் தடுத்திருக்கும். கணக்கோ அவனுக்குப் புரியவைத்தது.

பெற்றோரே, இத்தகைய விளையாட்டை நான் தடுக்கச் சொல்லவில்லை. விலையுயர்ந்த பெட்டி வேண்டும் என்பதுமில்லை. குப்பையிலிருந்து பொம்மை செய்யக் கற்றுத்தந்த அரவிந்த் குப்தா, தூக்கியெறியும் பொருள்களைக் கொண்டே பம்பு செய்து காட்டியவர். ஊசி இல்லாத, பயன்படுத்தாத சிரிஞ்சு இரண்டை மெல்லிய குழாயால் இணைத்தாலே, காற்றின் வலிமையைக் குழந்தை உணரும். ஆனால் சில எல்லைகளை வகுத்துவிடுங்கள். கண்ணாடிப் புட்டியையோ பழைய தகர டப்பாவையோ காற்றுக் கலமாக்க விடாதீர்கள்; வெடித்தால் சில்லுகள் பாயும். காற்றுக் குழாயைக் கண்ணுக்கும் காதுக்கும் நேரே பிடிக்கக் கூடாது. குழாய் முனை வாய்க்குப் போகவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'கூடாது' என்பதோடு 'ஏன்' என்பதையும் சொல்லுங்கள்.

மறுநாள் விடைபெறும்போது கண்டேன். பையன் தன் பொறியில் புதியதொரு பாகம் சேர்த்திருந்தான். கலத்தில் அழுத்தம் மிகுந்ததும் சிறு உருளையின் தண்டு ரப்பர் வளையத்தை மீறி நீண்டு, சுவிட்சைத் தட்டி மோட்டாரை நிறுத்தியது. அழுத்தம் தணிந்ததும் ரப்பர் தண்டைப் பின்னுக்கு இழுக்க, மோட்டார் மீண்டும் ஓடிற்று. எத்தனை சுற்று ரப்பர் போடவேண்டும் என்று பார்த்துச் சொன்னவர் பாட்டனாரே.

"எங்க படகுல இப்படி ஒரு பிள்ளை இருந்திருக்கணும்" என்றார் அவர்.