மண்டபம் அப்புறம், மனுஷங்க முதல்ல

வெளியூரில் இருக்கிற எந்தத் தமிழ்ச் சங்கத்தை எடுத்தாலும் ஒரு கனவு இருக்கும். சொந்த இடம், சொந்தக் கட்டிடம், வாசலில் நன்கொடையாளர் பெயர் பொறித்த கல். வேலை மாற்றலில் நான் போன நாலு ஊரிலும் இதே கனவுதான். இப்போது புனேயில் எங்கள் பக்கத்துச் சங்கத்திலும் அதே பேச்சு. பெயர் மட்டும் கொஞ்சம் நவீனமாக 'வெல்னஸ் சென்டர்'. கீழே ஜிம், மேலே யோகா ஹால், மொட்டை மாடியில் ஷட்டில் கோர்ட். இருபது வருடமாகச் சேர்த்த வைப்புத்தொகையை உடைத்து முன்பணம் கொடுக்கலாமா என்பது அடுத்த பொதுக்குழுவில் ஓட்டுக்கு வருகிறது.

நான் வேண்டாம் என்றுதான் ஓட்டுப் போடப் போகிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்று. சங்கம் என்றால் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் மட்டும் போதாது, உடம்பையும் கவனிக்க வேண்டும் என்று சொன்னவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை. சென்னை டாக்டர் வி. மோகன் அவர்களின் ஆராய்ச்சி நிறுவனமும் ஐசிஎம்ஆரும் சேர்ந்து நாடு முழுக்கச் செய்த கணக்கெடுப்பு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் 10 கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள். இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம். இதைப் படிக்கிற நம் வீடுகளில் மாத்திரை டப்பா இல்லாத வீடு எத்தனை?

ஆக, வேலை அவசியம். சிக்கல் எங்கே என்றால், 'பிளான் போட்டாச்சு' என்று நம் ஆட்கள் சொல்லும்போது அது எஞ்சினியர் வரைந்த படமாக இருக்கிறது. யாருக்காக, எத்தனை பேருக்கு, யார் நடத்துவது, மாதாமாதம் பணம் எங்கிருந்து வரும் என்ற பிளான் யார் கையிலும் இல்லை.

யாருக்கு என்பதை எடுத்துக்கொள்வோம். ஐடி வேலையில் இருக்கிற பையன்களுக்கு ஆபீசிலேயே ஜிம் இருக்கிறது, இல்லாவிட்டால் அப்பார்ட்மெண்டில் இருக்கிறது. அவர்களுக்கு இன்னொரு டிரெட்மில் எதற்கு? நம்மிடம் நிஜமாகவே வேறு போக்கிடம் இல்லாதவர்கள் இரண்டு கூட்டம். ஒன்று, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்து, இந்தியும் மராட்டியும் தெரியாமல் பால்கனியே உலகமாக இருக்கிற அப்பா அம்மாக்கள். இன்னொன்று, பகல் முழுக்க வீட்டில் இருக்கிற நாற்பது, ஐம்பது வயதுப் பெண்கள். முதல் கூட்டத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது இது: 65 வயதைத் தாண்டியவர்கள் வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்வதோடு, வாரத்தில் மூன்று நாளாவது விழாமல் நிற்பதற்கான சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும். அதற்கு ஒரு நாற்காலி, ஒரு சுவர், சொல்லித் தருகிற ஒரு ஆள் போதும். அந்த ஆள் தமிழ் பேசினால் இன்னும் நல்லது. அதைத்தான் சங்கத்தால் தர முடியும். பக்கத்து ஜிம்மால் முடியாது.

இந்த மாதிரி வேலையில் நிலைத்து நின்றவர்கள் எப்படி ஆரம்பித்தார்கள் என்று பாருங்கள். 1995 மார்ச் 13-ம் தேதி மும்பையில் ஒரு பூங்காவில் டாக்டர் மதன் கடாரியா ஐந்தே பேரோடு சிரிப்பு கிளப் தொடங்கினார். முதலில் ஜோக் சொல்லித்தான் சிரித்தார்கள். சில நாளில் நல்ல ஜோக் தீர்ந்துபோய், முகம் சுளிக்கிற ஜோக்குகள் வர ஆரம்பித்தன. ஜோக்கே வேண்டாம், சும்மாவே சிரிக்கலாம் என்று முறையை மாற்றினார். நோக்கம் அப்படியே இருந்தது, வழி மட்டும் மாறியது. பூங்காவில் இருந்ததால் மாற்றுவதற்குச் செலவும் இல்லை. லண்டன் புஷி பார்க்கில் 2004 அக்டோபர் 2-ம் தேதி 13 பேர் ஓடிய பார்க்ரன், இன்று பல நாடுகளில் வாரா வாரம் நடக்கிறது. கட்டணம் கிடையாது, நடத்துவது தன்னார்வலர்கள், ஓடுவது பொதுப் பூங்காவில்.

ஒய்எம்சிஏ பெரிய கட்டிடங்களுக்குப் பேர் போனது என்பீர்கள். சரிதான். ஆனால் 1920-ல் ஹாரி குரோ பக் சென்னையில் ஆரம்பித்தது விளையாட்டுச் சொல்லித் தரும் ஆசிரியர்களை உருவாக்குகிற பள்ளி. ஆள் தயாரானால் மைதானம் எங்கும் கிடைக்கும்.

இனி பணம். அது என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கடன் கேட்டு வருகிறவரிடம் நாங்கள் 'கட்டிடம் எவ்வளவு பெறும்' என்று மட்டும் கேட்பதில்லை. 'தவணை எந்த வருமானத்திலிருந்து வரும்' என்பதுதான் முக்கியமான கேள்வி. சங்கத்துக்கும் அதே கேள்விதான். உதாரணத்துக்கு 40 லட்சம் வைப்பு, 6.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடம் 2 லட்சத்து 60 ஆயிரம், மாதம் 21 ஆயிரத்துச் சொச்சம். பள்ளிக்கூட ஹாலை வாரம் மூன்று காலை வாடகைக்கு எடுத்து, ஒரு யோகா ஆசிரியரையும் மாதம் இரண்டு முறை ஒரு பிசியோதெரபிஸ்டையும் வைக்க அது கிட்டத்தட்டப் போதும். அதே 40 லட்சம் செங்கல்லாக மாறினால் வட்டி நின்றுவிடும். பதிலுக்கு சொத்து வரி, வாட்ச்மேன், கரண்ட், லிஃப்ட் பராமரிப்பு என்று செலவு மட்டும் வந்து நிற்கும். வருமானத்தைக் கொடுத்துச் செலவை வாங்குகிறோம்!

'கல்யாணம், காதுகுத்துக்கு வாடகைக்கு விட்டால் வந்துவிடும்' என்கிறார்கள். இங்கே வரிச் சட்டத்தில் ஒரு முள் இருக்கிறது. 'பொதுப் பயன்பாடு' என்ற வகையில் வரிவிலக்கு பெற்ற அமைப்பு, வணிகம் போலச் சம்பாதிப்பது மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஆண்டு விலக்கு போய்விடும். மண்டப வாடகை அந்தக் கணக்கில் வருமா என்று ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிவிட்டுப் பேசுங்கள். இன்னொன்று, மகாராஷ்டிராவில் பொது அறக்கட்டளையின் கட்டிடத்தை விற்க வேண்டுமானால் சாரிட்டி கமிஷனரின் முன் அனுமதி வேண்டும். வைப்புத்தொகையை ஒரு வாரத்தில் எடுக்கலாம். கட்டிடத்தில் போட்டால் அப்படி எடுக்க முடியாது.

சேர்த்துக்கொண்டே போவதும் பெருமை இல்லை. அறக்கட்டளை தன் வருட வரவில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவழிக்க வேண்டும் என்பதுதான் பொது விதி. செலவழிக்காமல் வைத்தால் எதற்காக என்று எழுதிக் கொடுத்து, ஐந்து வருடத்துக்குள் செலவழிக்க வேண்டும். சட்டமே 'வேலையைச் செய்' என்றுதான் சொல்கிறது.

சரி, குறை சொல்வது சுலபம், நீ என்ன செய்வாய் என்று கேட்பீர்கள். ஒரே தாளில் மூன்று வருடத் திட்டம்:

1. முதல் வருடம், வாடகை இடத்தில் வாரம் மூன்று வகுப்பு. ஒன்று காலை ஆறரைக்கு, இரண்டு பதினோரு மணிக்கு (மேலே சொன்ன இரண்டு கூட்டமும் அப்போதுதான் வர முடியும்). ஒவ்வொரு வகுப்புக்கும் வருகைப் பதிவு. உறுப்பினர் எண்ணிக்கை வேண்டாம், வந்தவர் எண்ணிக்கைதான் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, விருப்பப்பட்டவர்களுக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக் குறித்துக்கொள்வது.

2. இரண்டாம் வருடம், நம்மிலேயே ஆறு பேரைப் பயிற்றுவிப்பது. வெளியூர்த் தமிழனுக்கு எப்போது டிரான்ஸ்பர் ஆர்டர் வரும் என்று தெரியாது. அதனால் எந்தப் பொறுப்பானாலும் இரண்டு பேர். ஒருவர் போனாலும் சாவி யாரிடம் என்று தேடக்கூடாது.

3. மூன்றாம் வருடம், தொடர்ந்து ஆறு மாதம் வாரத்துக்கு நூறு பேர் வந்து, கையில் ஒரு வருடச் செலவுக்கான இருப்பும் இருந்தால் கட்டிடம் பற்றிப் பேச ஒரு கமிட்டி. வராவிட்டால் ஏன் வரவில்லை என்று பேச ஒரு கமிட்டி.

கூடவே எதை நிறுத்தப் போகிறோம் என்பதையும் எழுத வேண்டும். வருடத்துக்கு ஒரு நட்சத்திர இரவுக்குச் செலவழிக்கும் பணத்தை நிறுத்தினாலே பாதிக் கதை முடிந்தது. (இதற்கு எத்தனை பேர் என்னை அடிக்க வருவார்களோ தெரியாது!)

மறுபக்கத்துக்கும் நியாயம் இருக்கிறது. நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகும் என்பது உண்மை. மூன்று வருடம் கழித்து இதே இடம் நம் கைக்கு எட்டாமல் போகலாம். சொந்த இடம் இருந்தால்தான் அடுத்த தலைமுறை ஒட்டும் என்கிறார்கள், அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மும்பை ஷண்முகானந்தாவைப் பாருங்கள். சபா உருவானது 1952-ல், அரங்கம் திறந்தது 1963-ல். முதலில் கூட்டம் சேர்ந்தது, பிறகுதான் கூரை வந்தது. 1990-ல் அரங்கம் தீயில் போனபோதும் சபா போகவில்லை. 1998-ல் திரும்பவும் திறந்தார்கள். கட்டிடத்தை இழந்தும் எழுந்து நிற்க ஆட்கள் இருந்தார்கள் என்பதைத்தான் நான் அதில் பார்க்கிறேன்.

எங்கள் சங்கத்தில் ரயில்வேயில் ரிட்டையர் ஆன பெரியவர் ஒருவர், எல்லோருக்கும் மாமா. 'நான் கண்ணை மூடறதுக்குள்ள நம்ம கட்டிடத்தைப் பாத்துடணும்ப்பா' என்கிறார். அவர் ஆசையைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. அவரிடம் நான் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்: கட்டிடம் வர எப்படியும் மூன்று, நாலு வருடம் ஆகும் மாமா. முட்டி வலியோடு மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருக்கிற மாமிக்கு வகுப்பு அடுத்த மாதமே வேண்டும். இரண்டையும் ஒரே பணத்தில் செய்ய முடியாது.

உங்கள் ஊர்ச் சங்கத்திலும் இந்தப் பேச்சு வந்தால், படத்தைப் பார்த்துக் கைதட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். யாருக்கு? எத்தனை பேர் இப்போதே வருகிறார்கள்? மாதச் செலவு எங்கிருந்து? மூன்றுக்கும் எண்ணோடு பதில் வந்தால் தாராளமாகக் கை தூக்குங்கள். நானும் தூக்குவேன்.