கடலில் ஓர் எல்லைக்கோடு



கட்டுமரத்தாருக்கும் விசைப்படகினருக்கும் இடையே மூண்ட மோதல்களில் வலைகள் அறுந்தன, உயிர்களும் போயின. அதன் பின்னரே, 1983-ஆம் ஆண்டில், தமிழகம் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. கரையிலிருந்து குறிப்பிட்ட எல்லைக்குள் விசைப்படகுகள் மீன்பிடித்தலாகாது.

ஆனால் நீரின்மேல் வேலியில்லை. எவரும் காணார் என்றெண்ணிக் கரையோரம் இழுவலை இழுப்பவர் ஏழை அயலானின் உலையையே கவிழ்க்கிறார். வலையிழந்தவரோ கைகலப்பில் இறங்காது, படகின் எண்ணைக் குறித்து மீன்வளத்துறையிடம் முறையிடட்டும். தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

தேங்காய்ப்பட்டணத் துறைமுகத்தில் மகனிடம் சுக்கானை ஒப்படைக்கும் தந்தையரே, அந்த எல்லைக் கணக்கையும் அவனுக்குக் கற்பியுங்கள்.