கூடு கலைத்தலும் வேட்டையே

வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிறைந்ததும், நேலப்பட்டில் நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் இடம் கிடைப்பது அரிதாகிவிடுகிறது. மரத்துக்கு மரம் கூழைக்கடாக்கள் சுள்ளி அடுக்கிக் கூடு கட்டுகின்றன. எஞ்சிய கிளைகளை நத்தைகுத்தி நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் நீர்க்காகங்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. கிழக்கே பழவேற்காட்டு ஏரியின் ஆழமற்ற நீரில் பூநாரைகள் தலையைத் தாழ்த்தி, அலகால் சேற்றைச் சலித்து இரை கொள்கின்றன. 1976-இல் காப்பிடமாக அறிவிக்கப்பட்ட நேலப்பட்டும், பழவேற்காட்டின் ஆந்திரப் பகுதியில் பெரும்பாகமும் 2022 ஏப்ரலில் சித்தூர், நெல்லூர் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டுத் திருப்பதி மாவட்டம் உருவானபோது அதனோடு சேர்ந்தன. ஏழுமலையானைத் தொழச் செல்லும் தமிழர் பலருக்கு, மலைக்குக் கிழக்கே இப்படியொரு பறவை நாடு இருப்பது தெரியாது.

தெரிந்தவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகிறது. சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்லும் சாலை ஏரியை ஊடறுத்துப் போவதால், வண்டியை விட்டு இறங்காமலே பூநாரைகளைக் காணலாம். சூலூர்ப்பேட்டையில் 2001-இல் தொடங்கிய பூநாரைத் திருவிழாவும் கூட்டம் சேர்த்தது. சென்னையிலிருந்து விடியுமுன் புறப்பட்டு, முழங்கை நீள வில்லைகளோடு வந்து இறங்குவோர் அவர்களுள் ஒரு வகையினர். பறவையை நாடி வருவது நற்செயலே. ஆயினும் வந்தவர் அங்கே என்ன செய்கிறார் என்பதைப் பார்க்கும் கடமை நமக்கு உண்டு.

நேலப்பட்டில் காட்சிக் கோபுரங்கள் உள்ளன. அவற்றின் மேல் நின்று பொறுமையாகப் படமெடுப்பவரால் பறவைக்கு யாதொரு தீங்குமில்லை. கோபுரத்தில் கிடைக்கும் படம் போதாதென்று கரையோரம் இறங்கி மரத்தை நெருங்குவோராலும், நின்று மேயும் பூநாரைக் கூட்டம் சிறகு விரிக்கும் காட்சிக்காகச் சேற்றில் இறங்கி அதை விரட்டுவோராலும், தலைக்கு மேலே ஆளில்லா விமானத்தைப் பறக்கவிடுவோராலுமே கேடு விளைகிறது. ஒரு முறை எழுப்பிவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று இவர்கள் கேட்கக்கூடும்.

கூழைக்கடாவின் குஞ்சு முட்டையிலிருந்து வெளிவரும்போது அதன் உடலில் ஒரு தூவிகூட இல்லை. வெறும் தோல், அதன் மேல் நேரே விழும் வெயில். தாயோ தந்தையோ சிறகால் நிழல் கொடுத்தபடி கூட்டின் மேல் நின்றால்தான் அது நண்பகலைத் தாண்டும். ஆள் நெருங்கினால் பெற்றோர் எழுந்து பறக்கின்றன. பக்கத்துக் கூட்டுப் பறவைகளும் உடன் எழுகின்றன. இந்தத் தருணத்துக்காகவே காகமும் பருந்தும் மேலே வட்டமிடுகின்றன. முட்டை போன பின் பறவை திரும்பி வந்து வெறுங்கூட்டில் நிற்பதை, படமெடுத்துக்கொண்டு போனவர் காண்பதில்லை. அவர் அப்போது வீடு திரும்பும் வழியில், எடுத்த படங்களில் எது சிறந்ததென்று பார்த்துக்கொண்டிருப்பார்.

இதைச் சட்டம் எப்படிக் கருதுகிறது என்பதைப் படக்கலைஞர்களுள் பெரும்பாலோர் அறிந்ததாகத் தோன்றவில்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், வேட்டை என்பதற்கு வரையறை கூறுமிடத்தில் கொல்லுதல், பிடித்தல், பொறிவைத்தல் ஆகியவற்றோடு நிற்கவில்லை. விலங்கை விரட்டுதலும், இரை காட்டி ஈர்த்தலும், பறவைகள், ஊர்வனவற்றின் முட்டைகளுக்கோ கூடுகளுக்கோ இடையூறு செய்தலும் அதே வரையறைக்குள் அடங்குகின்றன. துப்பாக்கி தூக்காத ஒருவர், கூட்டை மறைத்த கிளையை ஒடித்து ஒளி விழச் செய்தாலே வேட்டைக்காரர் ஆகிவிடுகிறார். காப்பிடங்களுக்குள் படமெடுக்க அனுமதி தரும் 28-ஆம் பிரிவும் 2022-இல் திருத்தப்பட்டது. வாழிடத்தை மாற்றாமலும், வாழிடத்துக்கோ உயிரினத்துக்கோ தீய விளைவு ஏற்படாமலும் எடுக்கும் படத்துக்கே அனுமதி என்று அது இப்போது கூறுகிறது. சட்டம் தெளிவாகவே இருக்கிறது. அதைப் படித்துக் காட்டுவோர்தாம் இல்லை.

சட்டம் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே இதை உணர்ந்திருந்தவர்கள் நம் உழவர்கள். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமென்று கண்ட வேடந்தாங்கல் மக்கள், வெள்ளைச் சிப்பாய்கள் அங்கே பறவை சுடுவதைப் பொறுக்காமல் செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, 1798-இல் பாதுகாப்பு ஆணை பெற்றனர். படிப்பறிவு மிகுந்த இக்காலத்தில், அந்த உழவருக்கு இருந்த தெளிவு நமக்கு ஏன் இல்லாமற் போயிற்று?

திருப்பதி மலையைக் கொண்ட ஆந்திர மலைத்தொடர் நமக்கு இன்னொரு பாடமும் வைத்திருக்கிறது. சித்தூருக்கு வடக்கே, கடப்பை மாவட்டத்தின் முட்புதர்க் காடுகளில் வாழும் ஜெர்டான் கல்குருவியை விலங்கியலார் விவரித்தது 1848-இல். 1900-க்குப் பின் அதைக் கண்டவர் இல்லை. அழிந்தொழிந்தது என்றே எண்ணினர். 1986 சனவரியில், உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவர் இரவில் கைவிளக்கொளியில் அதைக் கண்டு பிடித்துவந்தார். எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் மறைந்திருந்த பறவை மீண்டும் உலகின் கைக்குக் கிடைத்தது. கிடைத்த அந்தப் பறவையோ பிழைக்கவில்லை. பின்னர் வந்த ஆய்வாளர்கள் பறவையைத் துரத்துவதைக் கைவிட்டார்கள். தமிழரான ப. ஜெகநாதன் உள்ளிட்ட குழுவினர் புதர்களினூடே மென்மண்ணைப் பரப்பிச் சமன்செய்து வைத்தனர். இரவில் அதன் மேல் ஓடிய பறவையின் மூன்றுவிரல் தடத்தைக் காலையில் வந்து படித்தனர். தடம் விழுந்த இடங்களில் தானியங்கிப் படக்கருவிகளைப் பொருத்திவிட்டு அகன்றனர். இம்முறையை விளக்கும் ஆய்வுக்கட்டுரை 2002-இல் வெளியாயிற்று. அப்படங்கள் அழகிற் சிறந்தவை அல்ல; எந்தப் போட்டியிலும் பரிசு பெறா. ஆயினும், தெலுங்கு கங்கைக் கால்வாய் அப்பறவையின் காட்டை ஊடுருவ வந்தபோது, அதன் பாதையை மாற்ற வேண்டுமென்று வாதிட உதவியவை இத்தகைய தடயங்களே. இந்நிலப்பகுதியில் எடுக்கப்பட்ட ஒளிப்படங்களுள் பெருமதிப்புடையவை, எடுத்தவர் அருகில் இல்லாதபோது பதிவானவை என்பது சிந்திக்கத் தக்கது.

சேஷாசலம், ஹார்ஸ்லி மலை போன்ற பாறைச் சரிவுகளில் வாழும் மஞ்சள்தொண்டைச் சின்னானின் நிலை வேறுவகை. தென்னிந்தியாவின் பாறைக்குன்றுகளுக்கு வெளியே உலகில் எங்கும் இல்லாத இப்பறவை, அழிவை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது, கூச்சமும் மிகுந்தது. அரிதென்பதே அதற்கு வினையாய் முடிகிறது. கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கச் செய்து, புதருக்குள்ளிருந்து வெளியே வரவழைப்போர் உண்டு. தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டதாக எண்ணி வந்து நிற்கும் பறவை, இல்லாத எதிரியைத் தேடி அலைகிறது. அந்நேரம் அது இரை தேடவில்லை, கூட்டைக் காக்கவில்லை. ஒருவர் செய்தால் பறவை பொறுக்கும். ஒருவர் எடுத்த படத்தோடு இடத்தின் குறிப்பையும் வெளியிட, அடுத்த ஞாயிறு அதே பாறையடியில் பத்துப்பேர் கைப்பேசியோடு நின்றால் அது இடத்தையே விட்டு நீங்கும். 1870-இல் திருப்பதி மலைப்பகுதியிலிருந்து இயற்கையியலார் பெட்டோம் விவரித்த பொன்பல்லிக்கும் இதே கதி நேரலாம். குளிர்ந்த பாறையிடுக்குகளை நம்பி வாழும் அதைப் படத்துக்காகக் கல்லைப் புரட்டித் தேடுவது, அதன் வீட்டைப் பெயர்ப்பதற்கு ஒப்பாகும்.

இங்கே நாம் மா. கிருஷ்ணனை நினைக்கக் கடமைப்பட்டவர்கள். புதின ஆசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர் 1912-இல் பிறந்தவர். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் 1996-இல் மறையும் வரை இயற்கை பற்றி எழுதிவந்தார். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட படக்கருவியால், கறுப்பு வெள்ளையில் மட்டுமே காட்டுயானைகளையும் பிற விலங்குகளையும் பதிவு செய்தார். இன்று ஒரு நொடிக்கு இருபது படம் எடுக்கும் கருவி வைத்திருப்போரிடம் அவர் படத்தைக் காட்டினால், தெளிவு போதவில்லை என்று சொல்லக்கூடும். விலங்கு அடுத்து என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே அறிந்தவர் எடுத்த படம் அது என்பது, பார்க்கத் தெரிந்தவருக்கு விளங்கும். காட்டை அறிந்த பின் கருவியை எடுத்தவர் அவர். இன்றோ கருவியை வாங்கிய பிறகே பறவையின் பெயரைத் தேடுவோர் மிகுதி.

பழைய சித்தூர் மாவட்டத்தில், மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலிப் பள்ளி இவ்வகையில் நல்ல முன்மாதிரி. வறண்ட பள்ளத்தாக்கில் மரம் வளர்த்துப் பறவைகளை வரவழைத்து, 1991-இல் அதைப் பறவைப் புகலிடமாக அறிவித்தது. சென்னையிலிருந்து சென்ற எஸ். ரங்கசாமியும், அவருக்குப் பின் வ. சாந்தாராமும் அங்கிருந்தே ஆர்வலர்களுக்குப் பறவையியலை அஞ்சல்வழிப் பாடமாகக் கற்பித்தனர். அங்கே முதற்கருவி குறிப்பேடு. பறவையின் உணவு, நடை, குரல், கூடுகட்டும் காலம் ஆகியவற்றை எழுதிப் பழகியவர், பின்னர் படக்கருவி ஏந்தினாலும் கூட்டருகே போகமாட்டார், போகக் கூசுவார்.

இவையெல்லாம் பறவைக்கு மட்டும் உரிய செய்தி என்று எவரும் கருத வேண்டா. 2023 ஆகஸ்டில் திருமலைக்குச் செல்லும் அலிபிரிப் படிவழியில் ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றதை நாடு மறக்கவில்லை. அதன் பின் அவ்வழியில் தானியங்கிப் படக்கருவிகள் பொருத்தப்பட்டன. பக்தர்களுக்குக் கைத்தடி தரப்பட்டது. 2024 பிப்ரவரியில் திருப்பதி உயிரியல் பூங்காவில், வேலி ஏறிச் சிங்கத்தின் அடைப்புக்குள் குதித்த ஒருவர் உயிரிழந்தார். தற்படம் எடுக்கவே குதித்தார் என்று அன்றைய செய்திகள் கூறின. இவ்விரண்டும் வெவ்வேறு நிகழ்ச்சிகள். ஒன்றாக்கிப் பேசுதல் தகாது. எனினும் மானுக்கும் குரங்குக்கும் தின்பண்டம் நீட்டி, அது வாங்கும்போது படமெடுக்கும் வழக்கம், விலங்கு மனிதரை அஞ்சாது நெருங்கும் நிலையைத் தோற்றுவிக்கிறது. அவ்வச்சமே இதுவரை இரு சாராரையும் காத்துவந்த வேலி.

படமெடுத்தலைத் தடைசெய்க என்று நாம் கூறவில்லை. ஊர்ப்பெயரும் நாளும் குறித்த ஓர் எளிய படம் பறவையின் வருகைக்குச் சான்றாகும். எத்தனையோ ஏரிகளைக் காக்க அத்தகைய சான்றுகள் துணைசெய்துள்ளன. நாம் வேண்டுவன சில. ஆந்திர வனத்துறை, நேலப்பட்டிலும் தலகோனா அருவிக் காட்டிலும் பழவேற்காட்டுக் கரையிலும், வேட்டை பற்றிய சட்டத்தின் அந்த வரியைத் தெலுங்கிலும் தமிழிலும் பெரிய எழுத்தில் பலகையிட்டு நாட்டட்டும். வருவோரில் பலர் தமிழ் படிப்பவர்கள். திருவிழா நடத்துவோர், கூடு கட்டும் மரங்களுக்கும் மக்களுக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பதை முதல் நாளே கயிறு கட்டிக் காட்டட்டும். படப்போட்டி நடத்தும் மன்றங்கள், கூட்டையும் குஞ்சையும் காட்டும் படங்களை ஏற்பதில்லை என்று விதியில் எழுதட்டும். பரிசு நின்றால் பாதித் தொல்லை நின்றுவிடும். அரிய பறவையின் இருப்பிடத்தைப் பொதுவில் வெளியிடாமல், ஆய்வாளருக்கும் வனத்துறைக்கும் மட்டும் அறிவிப்பதைப் படக்கலைஞர்களே தமக்குள் நெறியாக்கிக்கொள்ளலாம். அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. இவ்வாண்டு நேலப்பட்டுக்குச் செல்லவிருக்கும் வாசகர்கள் காட்சிக் கோபுரத்தோடு நின்றுகொள்க. உடன் வந்தவர் மரத்தை நோக்கி இறங்கினால் தடுத்து நிறுத்துக.