ஏலத்தில் எடுத்த எமன்

நண்பர் ஒருவர் இணையத்தில் பழைய அலாரம் கடிகாரம் ஒன்றை வாங்கினார். முள்ளிலும் எண்களிலும் பச்சைப் பூச்சு. "இருட்டில் மின்னவே இல்லை சார், ஏமாற்றிவிட்டான்" என்று புலம்பினார். கண்ணாடியைக் கழற்றிச் சுரண்டிப் பார்க்கப் போவதாகவும் சொன்னார். அவரை உட்காரவைத்து மாயாபுரிக் கதையைச் சொன்னேன்.

மாயாபுரி மேற்கு டில்லியின் பழைய இரும்புச் சந்தை. சென்னையில் காயலான் கடை, அங்கே கபாடி. 2010 பிப்ரவரியில் டில்லி பல்கலைக்கழகம் ஏலம் விட்ட தட்டுமுட்டுச் சாமான்களில் ஒரு காமா கதிர்வீச்சு இயந்திரமும் இருந்தது. 1960களின் கடைசியில் கனடாவிலிருந்து வேதியியல் ஆய்வுக்காகத் தருவித்தது. 1985க்குப் பிறகு யாரும் அதைச் சீண்டவில்லை. உள்ளே கோபால்ட்-60 இருப்பதை மறந்துவிட்டார்கள். வாங்கியவர்கள் ஈயக் கவசத்தைப் பிரித்து மேய்ந்தார்கள். வியாபாரி ஒருவர் உள்ளேயிருந்த உலோகத் துண்டு ஒன்றை மணிபர்சில் வைத்துப் பின் பாக்கெட்டில் செருகிக்கொண்டார்.

ஏப்ரலில் ஒருவருக்குத் தோல் கறுத்தது, முடி கொட்டியது. மருத்துவர்கள் சந்தேகப்பட்டுத் தகவல் தந்த பிறகுதான் அணுசக்தி அதிகாரிகள் கருவிகளோடு வந்தார்கள். அந்த மாதமே ஒரு தொழிலாளி இறந்தார். கோபால்ட்-60இன் வீரியம் ஏறத்தாழ ஐந்தேகால் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். நாற்பது ஆண்டுகளில் ஏழு தடவைக்கு மேல் பாதியான பிறகு மிஞ்சியதே இவ்வளவு செய்தது.

படித்தவர்கள் விற்றார்கள், படிக்காதவர்கள் செத்தார்கள் என்று அப்போது பலர் கோபப்பட்டோம். இன்றும் எனக்கு அது தணியவில்லை. கதிரியக்கப் பொருளைக் கைகழுவ அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும் என்பது கபாடிக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம், பேராசிரியருக்குமா?

மூன்று இதழ் கொண்ட எச்சரிக்கைச் சின்னம் பாமரருக்கு மின்விசிறி போலத்தான் தெரியும். சர்வதேச அணுசக்தி முகமை 2007இல் மண்டையோடும், ஓடும் மனிதனும் கொண்ட சிவப்பு முக்கோணத்தை அறிமுகப்படுத்தியது இதனால்தான். இயந்திரத்தைப் பிரிக்க முயல்பவர் கண்ணில் படும்படி உள்ளே ஒட்டவேண்டியது அது. அதற்கு முன் செய்த பழைய இயந்திரங்களில் ஏது?

கடிகாரத்துக்கு வருவோம். எல்லாப் பச்சைப் பூச்சும் ரேடியம் அல்ல. ஆனால் ரேடியம் பூசியது மின்னாமல் போனால் சத்து போய்விட்டது என்று பொருளில்லை. ஒளிரும் கலவை மட்டுமே செத்திருக்கும். ரேடியம் பாதியாகவே 1,600 ஆண்டு பிடிக்கும். கண்ணாடி மூடியிருக்கும்வரை ஆபத்து குறைவு. சுரண்டினால் தூள் மூச்சில் போகும். உடம்பு அதைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் சேர்த்துவிடும். 1920களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் தூரிகையை உதட்டில் கூராக்கி இந்தப் பூச்சை அடித்த பெண்கள் பலர் தாடை எலும்பு அரித்து மாண்டார்கள்.

நண்பர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். கடிகாரம் இப்போது முன்னறை அலமாரியில், பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. படுக்கையறையில் அதற்கு இடமில்லை என்று அவர் மனைவி சொல்லிவிட்டாராம்.