மாத்தளை லயன்களில் பூஞ்சணம்: சுவரைத் திருத்தும் உரிமை யாரிடம்?

டித்வா புயலின் வெள்ளம் வடிந்துவிட்டது. மாத்தளைத் தோட்டங்களின் லயன் காம்பிராக்களில் ஈரம் வடியவில்லை.

2025 நவம்பர் இறுதியில், நக்கிள்ஸ் மலைச்சரிவில் உள்ள கம்மடுவையில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை பதிவானது. மண்சரிவும் உயிரிழப்பும் தலைப்புச் செய்திகளாகின. சுவரில் கறுப்பாகவும் பச்சையாகவும் படரும் பூஞ்சணம் எந்தச் செய்தியிலும் வரவில்லை. இந்தப் பக்கத் தோட்டங்களில் அது புதிதும் அல்ல. ஒவ்வொரு வடகீழ்ப் பருவ மழைக்கும் வருவதுதான், இம்முறை கூடுதலாக வந்திருக்கிறது.

பூஞ்சணத்தின் வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் மிதக்கின்றன. அவை முளைக்க ஈரம் வேண்டும். லயனுக்குள் அந்த ஈரம் மூன்று வழிகளில் வருகிறது. பழைய கல் சுவர்களின் அடியில் ஈரத்தைத் தடுக்கும் படை கிடையாது. எனவே மண்ணின் நீர் சுவர்வழியே மேலேறுகிறது. மலையை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் லயன் நிற்பதால், பின்பக்கக் கான் அடைபட்டால் மேட்டு நீர் நேராகச் சுவரில் தேங்குகிறது. மூன்றாவது, உள்ளிருந்து வருவது: பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஐந்தாறு பேரின் மூச்சு, அடுப்பின் ஆவி, வெயில் இல்லாத நாளில் கொடியில் தொங்கும் ஈரத்துணி. இரவில் தகரக் கூரை குளிர்ந்ததும் இந்த ஆவி நீராகி வடிகிறது. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயனில் பின்ஜன்னலுக்கு இடமே இல்லை. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வழியில்லை.

ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு ஆஸ்துமா, இருமல், மூச்சிரைப்பு, சுவாசத் தொற்று அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009 இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. விறகுப் புகையும் சேரும்போது சிறுபிள்ளைகளும் வயோதிபர்களும்தான் முதலில் பாதிக்கப்படுகிறார்கள்.

உடனே செய்யக்கூடியவை சில உண்டு. முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சவர்க்கார நீரால் சுவரைத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். குளோரின் கலந்த நீரைப் பயன்படுத்தினால் கதவைத் திறந்து வையுங்கள்; வினாகிரியையோ அமோனியா உள்ள துப்புரவுத் திரவத்தையோ அதனுடன் கலக்கவே கூடாது, நச்சு வாயு வெளிப்படும். வெள்ளத்தில் ஊறிப் பூஞ்சணம் பிடித்த மெத்தையையும் தலையணையையும் காப்பாற்ற முடியாது, அகற்றிவிடுவதே நல்லது. காயாத சுவருக்குப் பெயின்ட் அடித்தால் சில வாரங்களில் அது உரியும். பழைய சுண்ணாம்புப் பூச்சு இதைவிட நல்லது: சுவரை மூச்சுவிட வைக்கும், அதன் காரத்தன்மை பூஞ்சணத்தையும் தடுக்கும். அஸ்பெஸ்டஸ் கூரையில் படிந்ததை மட்டும் உரசிச் சுரண்டாதீர்கள். அதன் நுண்ணிழைகள் நுரையீரலுக்கு ஆபத்தானவை.

ஆனால் கழுவிய சுவரில் அடுத்த மழைக்கு மறுபடியும் கறுப்பு படரும். நிரந்தரத் தீர்வு கானைத் திருத்துவது, ஜன்னல் வெட்டுவது, அடுப்பை வெளியே எடுப்பது, கூரையை மாற்றுவது. இவை எல்லாவற்றுக்கும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். சுவரும் நிலமும் குடியிருப்பவருடையவை அல்ல. 1992 இல் பெரும்பாலான தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனது. மாத்தளையில் அரசின் கீழுள்ள தோட்டங்களும் உண்டு. எதுவானாலும் லயனில் இருப்பவரிடம் உறுதி இல்லை.

2023 ஆகஸ்டில் தலைமன்னாரிலிருந்து நடந்து வந்த மலையக மக்களின் 200 ஆண்டு நினைவுப் பயணம் மாத்தளையில் முடிந்தது. அதே மாதம் எல்கடுவ ரத்வத்தைத் தோட்டத்தில் ஒரு குடும்பத்தின் தற்காலிகக் குடிலைத் தோட்ட அதிகாரி ஒருவர் உடைக்கும் காணொளி நாடெங்கும் பரவியது. காற்றுக்காக ஒரு சாய்ப்பை இறக்குவதற்குக்கூட ஒருவர் ஏன் பயப்படுகிறார் என்பதற்கு அதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் 2020 டிசம்பரில் இரண்டு வயதான அவாப் இஷாக் என்ற குழந்தை, வாடகை வீட்டின் பூஞ்சணத்தால் ஏற்பட்ட சுவாசக் கோளாறில் இறந்தான். பெற்றோர் பலமுறை முறையிட்டும் அவர்களின் வாழ்க்கை முறைதான் காரணம் எனச் சொல்லப்பட்டது. மரண விசாரணை அதை ஏற்கவில்லை. அவன் பெயரிலான சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் உள்ளது. பாரதூரமான ஈரம், பூஞ்சணம் பற்றிய முறைப்பாட்டை, சமூக வீடுகளின் உரிமையாளர் 10 வேலை நாட்களுக்குள் விசாரிக்க வேண்டும். அவசர ஆபத்தென்றால் 24 மணித்தியாலத்துக்குள் செயற்பட வேண்டும். சுவர் யாருடையதோ பொறுப்பும் அவருடையது என்பதே அதன் அடிப்படை. நம் தோட்டங்களில் சுவர் ஒருவருடையது, துப்புரவு இன்னொருவருடையது.

வன்னியில் தறப்பாளுக்குக் கீழே மார்கழி மழையைக் கழித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அவர்களில் பலரின் குடும்பங்கள் 1977 இலும் 1983 இலும் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு அங்கு போனவை. போருக்குப் பின் இந்தியா வழங்கிய 50,000 வீடுகளில் 46,000 வடக்கு கிழக்கிற்கும் 4,000 மலையகத்திற்கும் கிடைத்தன. 2017 மே மாதம் நோர்வூட்டில் மேலும் 10,000 அறிவிக்கப்பட்டன.

புதிய வீடு வரும்வரை பழைய லயனில் ஆட்கள் மூச்சுவிட்டாக வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் லயனின் ஈரத்தையும் பரிசோதித்து அறிக்கை தரட்டும். கானும் கூரையும் திருத்துவதற்கு நிர்வாகத்துக்குக் காலக்கெடு விதிக்கப்படட்டும். ஜன்னல் வெட்டக் கேட்பவருக்கு எழுத்தில் அனுமதி கிடைக்கட்டும். வீட்டுக்கும் காணிக்கும் உறுதி கேட்கும் போராட்டத்தில் இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்பது, அடுத்த மழைக்கு முன் தொடங்கக்கூடிய வேலை.